முப்பத்தோராவது பையன்

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதினதுக்கு எங்க மெஸ் அண்ணன் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. அப்பளம்கூட ஒண்ணுதான் வைக்கிறார். அதனால இந்த வாரம் யாரையும் வம்புக்கு இழுக்கிறதா இல்லை. இந்த வாரம் மாட்டப் போறது நானேதான்!

மேட்டர் இதுதான். போன வருஷம் மே மாசம், 52 பசங்களோட தலையெழுத்தை நான் ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதினேன். அதில் ஒருத்தனோட தலையெழுத்தைத் தப்பா எழுதிட்டேன். அந்தக் கதையை உங்ககிட்ட சொல்லிட்டா மனசு கொஞ்சம் லேசாகும்னு தோணுது. கேட்கிறீங்களா?

கன்னியாகுமரி மாவட்டம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, காலேஜ் டூரில் தூக்கக் கலக்கத்தோட பார்த்த சூரிய உதயம்... அவ்வளவுதானே? அப்படியே மேற்கு ஓரத்துக்கு வாங்க பாஸ். மார்த்தாண்டம் தாண்டி, நித்திரவிளை தாண்டி, கேரள எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை இருக்கு. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி... எட்டு ஊரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு பக்கம் அரபிக்கடல், இன்னொரு பக்கம் ஏ.வி.எம். கால்வாய். நடுவில் கொஞ்சூண்டு மண். அந்த மண்ணில் சர்ச், வீடு, வலை... மிச்சம் இருக்கிற இடமெல்லாம் ஃபுட்பால்!

நான் நாஞ்சில் நாட்டு வயல் பக்கம் வளர்ந்தவன். எங்க ஊரில் அறுப்பு முடிஞ்ச வயலில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவோம். அதே மாவட்டத்தில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி பசங்க வெறுங்காலோட மணலில் பந்து விரட்டிக்கிட்டு இருக்காங்கன்னு, காலேஜில் என் பெஞ்ச்மேட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் ஊர் அந்தக் கரைதான். 'வாடே, ஒரு தடவை வந்து பாரு'ன்னு கூட்டிட்டுப் போனான். போனவன் போனவன்தான்!

ஆழ்கடலுக்குப் போய் சுறா பிடிக்கிறதில் பேர் வாங்கின ஊருங்க இது. ஒரு தடவை படகு ஏறினா திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கரையில் இருக்கிற நாளில் ஆம்பளைங்களுக்குப் பொழுதுபோக்கு பந்துதான். இந்தக் கரையிலருந்து கிளம்பினவர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் ஆடி, அப்புறம் ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே.ன்னு போய், 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியா ஜெர்ஸி போட்ட மனுஷன். அவரோட சகோதரர் மைக்கேல் ரெஜினும் ஐ-லீக், ஐ.எஸ்.எல். பார்த்தவர். கரையில் இருக்கிற ஒவ்வொரு பொடியனும் 'அடுத்தது நான்தான்'னு நினைச்சுக்கிட்டுத்தான் பந்தை உதைக்கிறான்.

சரி, என் பாவக் கதைக்கு வருவோம்.

மீசைக்கு மார்க்!

அந்தப் பக்கம் ஒரு கிளப். பேர் வேண்டாம். பெரிய லீகெல்லாம் இல்லை, மாவட்ட அளவில் ஆடுற அணிதான். பெரியவங்க அணிக்கு ஆள் தயார் பண்றதுக்காக பத்தொன்பது வயசுக்கு உட்பட்ட அணி ஒண்ணு வெச்சிருக்காங்க. போன வருஷம் அதுக்கு டிரையல்ஸ். 52 பசங்க வந்தாங்க. 24 இடம்.

கோச்சை எல்லாரும் 'மாஸ்டர்'னுதான் கூப்பிடுவாங்க. வயசானவர். சின்ன வயசில் சந்தோஷ் டிராபி கேம்ப் வரைக்கும் போய்த் திரும்பினவர். ஒத்தை ஆளா 52 பேரைப் பார்க்கணும்னு தவிச்சார். என்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை சும்மா இருப்பேனா? "மாஸ்டர், கவலையை விடுங்க. சயின்டிஃபிக்கா பண்ணிடலாம்"னு லேப்டாப்பைத் திறந்துட்டேன்.

அஞ்சு காலம். 30 மீட்டர் ஓட்டம், பீப் டெஸ்ட், பந்தைக் கீழே விடாம தட்டுறது, லாங் கிக், உயரம். ஒவ்வொண்ணுக்கும் 20. மொத்தம் 100. கூட்டி, வரிசைப்படுத்தி, 24-க்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. ரெண்டு மணி நேரத்தில் வேலை முடிஞ்சுது. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமை தாங்கலை.

31-வது இடத்தில் ஒரு பையன். ப்ளஸ் ஒன் முடிச்சவன். ஒல்லி. பந்து தட்டுறதில் மட்டும் 20-க்கு 18. உயரத்தில் 6. மொத்தம் 54. கோட்டுக்கு மேலே கடைசியா இருந்த 24-வது பையன் 58. நாலு மார்க்கில் போச்சு.

வெளியே போன பசங்க சிலர் முறைச்சாங்க, சிலர் அழுதாங்க. இவன் மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணா, என் மார்க்கைக் காட்டுவீங்களா?"ன்னு கேட்டான். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டுக் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி...

"ஹைட்டுக்கு எப்படிண்ணா பிராக்டிஸ் பண்றது?"

சத்தியமா அவன் கிண்டல் பண்ணலை. தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. லேப்டாப்பை மூடிட்டேன்.

சாயங்காலம் மாஸ்டர் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். "மக்ளே, நீ அளந்ததெல்லாம் சரிதான். ஆனா நீ பந்து விளையாட்டை அளக்கல கேட்டியா... மீசையை அளந்திருக்க"ன்னார். புரியாம முழிச்சேன். "இதுல யாரு எந்த மாசம் பொறந்தான்னு எங்க எழுதியிருக்க?"

எழுதலை. அந்தக் காலமே என் ஷீட்டில் கிடையாது. ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் கையிலதான் இருந்தது. அன்னைக்கு ராத்திரி எடுத்துப் பார்த்தேன். வயசு கணக்குக்குக் கட்-ஆஃப் ஜனவரி 1. ரெண்டு வருஷத்தில் பிறந்தவங்க ஒரே கூடையில். தேர்வானவங்களில் மூத்தவன் முதல் வருஷ ஜனவரி. நம்ம 31-வது பையன் ரெண்டாவது வருஷ டிசம்பர். வித்தியாசம் 23 மாசம்! ஒருத்தன் ஷேவிங் பண்ணிட்டு வர்றான், இன்னொருத்தனுக்கு இப்பதான் குரல் உடைஞ்சிருக்கு. ரெண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி 'ஓடுங்கடா'ன்னு விசில் ஊதினது யாரு? நான்தான்!

சும்மா ஒரு ட்ரை பண்ணிப் பார்த்தேன். உயரம் என்கிற காலத்தை டெலீட் பண்ணிட்டு மறுபடி வரிசைப்படுத்தினேன். 24-வது பையனோட 58-ல் 17 மார்க் உயரத்துக்கே போனது. அதைக் கழிச்சா 41. நம்ம பையன் 54-ல் 6 கழிச்சா 48. முப்பத்தொண்ணுலருந்து பத்தொன்பதுக்கு ஏறிட்டான்! இத்தனைக்கும் ஓட்டம், லாங் கிக் ரெண்டிலயும்கூட வயசுதான் பாதி மார்க் வாங்குது. அதை நான் தொடவே இல்லை.

கனடா கணக்கு

இது நான் மட்டும் பண்ற தப்பு இல்லைன்னு அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. கொஞ்சம் ஆறுதல், நிறைய அதிர்ச்சி!

கனடாவில் ஐஸ் ஹாக்கின்னா நம்ம ஊரில் கிரிக்கெட் மாதிரி. குட்டிப் பசங்களுக்கே லீக், அதுக்குமேல ஜூனியர் லீக், மைனர் லீக், உச்சியில் என்.ஹெச்.எல். ரோஜர் பார்ன்ஸ்லிங்கிற உளவியல் பேராசிரியர் ஜூனியர் ஹாக்கி ஆட்டக்காரங்களோட பிறந்த தேதியை எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தார். 1985-ல் வெளியான ஆய்வு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னு வரிசையா கொட்டுது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் வந்தா ஆளே இல்லை! அங்கேயும் கட்-ஆஃப் ஜனவரி 1 தான். மால்கம் கிளாட்வெல் 2008-ல் வந்த 'அவுட்லையர்ஸ்' புத்தகத்தில் இதைப் பற்றி எழுதினதுக்கு அப்புறம் உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. அவர் சொல்ற தோராயக் கணக்கு: சிறந்த ஹாக்கி அணி எதை எடுத்தாலும் முதல் மூணு மாசத்தில் பிறந்தவங்க 40 சதவிகிதம், கடைசி மூணு மாசத்தில் பிறந்தவங்க 10 சதவிகிதம்.

ஜோசியமா? இல்லை பாஸ், சிம்பிள் லாஜிக். ஒன்பது வயசில் பத்து மாசம் மூத்தவன் கொஞ்சம் பெரிசா இருப்பான். 'இவன் திறமைசாலி'ன்னு எடுத்துக்குவாங்க. எடுத்ததால நல்ல கோச், நிறைய மேட்ச், நல்ல பூட் கிடைக்கும். மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா நிஜமாவே திறமைசாலி ஆகிடுவான்! விட்டுப்போனவன் நிஜமாவே பின்தங்கிடுவான். முதல் நாள் நம்ம கண்ணு சொன்ன பொய்யை, மூணு வருஷத்தில் நாமளே உண்மையாக்கிடுறோம்.

இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது. என்.ஹெச்.எல். அணிகள் ஏலத்துக்குப் பதிலா 'டிராஃப்ட்'னு ஒண்ணு வெச்சு இளம் ஆட்டக்காரங்களை வரிசையா எடுப்பாங்க. 1980-லருந்து 2006 வரைக்கும் எடுத்தவங்களை ராபர்ட் டீனர் குழு ஆராய்ஞ்சு பார்த்தது. வருஷக் கடைசியில் பிறந்தவங்களை, அவங்க தகுதிக்கு எடுக்க வேண்டியதைவிட ரொம்பத் தாமதமா எடுத்திருக்காங்க. அப்படி எடுக்கப்பட்டவங்க எதிர்பார்த்ததைவிட நல்லா ஆடியிருக்காங்க. காசு கொட்டி, ஊர் ஊரா ஆள் அனுப்பி, வீடியோ போட்டுப் பார்க்கிற அணிகளே ஏமாந்திருக்காங்க. அப்ப என் எக்ஸெல் எம்மாத்திரம்?

உடனே 'டிசம்பரில் பிறந்தா சூப்பர் ஸ்டார்'னு கிளம்பிடாதீங்க. ரஜினி டிசம்பர் 12, அது வேற கணக்கு! நான் சொல்றது இவ்வளவுதான்... டிசம்பர் பையனைப் பார்க்கிறப்ப கண்ணாடியை ஒரு தடவை துடைச்சுட்டுப் பாருங்க. நம்ம சூசைராஜ் பிறந்தது 1994 அக்டோபர் 30. ஐ-லீகில் அவர் கால் வெச்சப்ப வயசு 22. அடுத்த சீசனிலேயே லீகோட சிறந்த மிட்ஃபீல்டர் விருது!

இதில் இன்னொரு வில்லன் இருக்கான்... வயசு சர்டிபிகேட்டில் பண்ற தில்லுமுல்லு. பதினெட்டு வயசுக்காரன் பதினைஞ்சுன்னு சொல்லிக்கிட்டு இறங்கினா அடி வாங்குறது யாரு? ஏற்கெனவே சின்னதா இருக்கிற பையன்தான். அதனாலதான் இந்திய ஃபுட்பால் சம்மேளனம் சின்ன வயசுப் போட்டிகளுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வயசு பார்க்குது. பேப்பர் பொய் சொல்லும், எலும்பு சொல்லாது.

கடைசி இடத்துப் பசங்க

2017 அக்டோபர் ஞாபகம் இருக்கா? பதினேழு வயசுக்கு உட்பட்டவங்களுக்கான ஃபிஃபா உலகக் கோப்பை நம்ம நாட்டில் நடந்தது. இந்தியா மூணு மேட்ச், மூணுலயும் தோல்வி. கொலம்பியாவுக்கு எதிரா ஜீக்சன் சிங் தலையால் முட்டினது ஒண்ணுதான் நம்ம கோல்.

தோத்த பசங்களை வீட்டுக்கு அனுப்பலை. 'இந்தியன் ஏரோஸ்'ங்கிற பேரில் ஓர் அணியாக்கி, ஐ-லீகில் பெரியவங்களோட மோத விட்டாங்க. 2010-ல் ஆரம்பிச்சு 2013-ல் கலைச்ச அணிக்கு மறுபடி உயிர் கொடுத்தாங்க. நவம்பர் கடைசி வாரத்தில் முதல் மேட்ச். எதிரணி யாரு தெரியுமா? நம்ம சென்னை சிட்டி! பொடியங்க 3-0ன்னு ஜெயிச்சாங்க.

ஆனா அதுக்கப்புறம் பாயின்ட் டேபிளில் ஏரோஸ் பெரும்பாலும் அடிமட்டத்தில்தான். டேபிளை மட்டும் பார்த்தவங்க 'வேஸ்ட்'னாங்க. பசங்களைப் பார்த்தவங்க வேற சொன்னாங்க. அந்த அடிமட்ட அணியிலருந்துதான் சுரேஷ் சிங் வாங்ஜம், ரஹிம் அலி, அன்வர் அலின்னு சீனியர் இந்திய அணிக்கே ஆட்கள் வந்தாங்க. அன்வருக்கு 2019-ல் இதயத்தில் பிரச்னைன்னு தெரிஞ்சு ஆட்டமே முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. மனுஷன் திரும்பி வந்து 2022-ல் இந்தியாவுக்கு ஆடினார்! ஏரோஸுக்கு 2022-ல் மூடுவிழா நடத்திட்டாங்க. அது சரியா தப்பான்னு டீக்கடையில் இன்னும் சண்டை ஓடுது. ஆனா அது சொன்ன பாடம் நிக்குது... வளர்ற அணிக்கு ஸ்கோர்போர்டு பாதி உண்மைதான் சொல்லும்.

நம்ம பக்கத்து உதாரணமும் இருக்கு. நாகர்கோவிலில் ரயில் ஏறினா திருநெல்வேலி தாண்டி கோவில்பட்டி. கடலைமிட்டாய் ஊர்னு நினைச்சீங்களா? ஹாக்கி ஊர்! அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட சிறப்பு விளையாட்டு விடுதி இருக்கு. உள்ளூர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம், ரெண்டு பேரும் அங்கே வளர்ந்தவங்க. 2022 மே மாசம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ரெண்டு பேரும் இந்திய அணியில். கார்த்திக்கு முதல் மேட்ச், எதிரணி பாகிஸ்தான், அடிச்சார் ஒரு கோல்! அடுத்த வருஷம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்ச அணியிலும் அவர் இருந்தார்.

விடுதியோட பலம் என்ன? தினமும் பார்க்கலாம். காய்ச்சலோட ஆடுறப்ப எப்படி, தோத்த மறுநாள் எப்படி, ஒரு வருஷத்தில் எவ்வளவு மாறியிருக்கான்... எல்லாம் கோச் கண்ணில் படும். என் டிரையல்ஸில் ஒரு பையனுக்குக் கிடைச்சது மொத்தம் பதினைஞ்சு நிமிஷம்!

அப்ப எப்படித்தான் பார்க்கிறது?

ஷீட்டைத் தூக்கிப் போட்டுடலாமான்னு மாஸ்டர்கிட்ட கேட்டேன். "எதுக்குடே? நம்பர் என்ன பாவம் பண்ணுச்சு? நல்ல நம்பரா எழுது"ன்னார். அப்புறம் ஒரு வருஷமா ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். உங்க காலேஜ் டீமுக்கும் உதவும், குறிச்சுக்கோங்க.

ஒண்ணு: பந்து வர்றதுக்கு முன்னாடி பையன் தலையைப் பாருங்க. நல்ல ஆட்டக்காரன் பந்தை வாங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துடுவான். நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட் இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டக்காரங்களோட தலையை மட்டும் வீடியோவில் எண்ணினார். அடிக்கடி திரும்பிப் பார்க்கிறவங்களோட பாஸ் அதிகமா சரியாப் போய்ச் சேருது. ஃபிராங்க் லாம்பார்டு வினாடிக்கு சராசரி 0.6 தடவை பார்த்திருக்கார்! இதுக்கு உயரம் வேண்டாம், மீசை வேண்டாம். மாஸ்டருக்கு நார்வே தெரியாது. ஆனா 'கழுத்து இருக்கிற பய'ன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கார். ரெண்டும் ஒண்ணுதான்.

ரெண்டு: பந்து பறிபோன அடுத்த அஞ்சு வினாடி. கையைத் தூக்கி அம்பயரைத் திட்டுறானா... மன்னிக்கணும், ரெஃப்ரியைத் திட்டுறானா? தலையைத் தொங்கப்போடுறானா? இல்லை, திரும்பி ஓடுறானா? இந்த அஞ்சு வினாடியை எந்த டெஸ்டும் அளக்காது.

மூணு: எங்கே ஆடிப் பழகினான்னு கேளுங்க. மணலில் பந்து உருளாது. அதனால கடற்கரைப் பையன் பந்தைத் தூக்கித்தான் கொடுப்பான். புல்லில் விட்டா முதல் நாள் தடுமாறுவான். பூட் புதுசா, இரவலான்னும் பாருங்க. ரெண்டு சைஸ் பெரிய பூட்டோட 30 மீட்டர் ஓடினவனோட டைமிங்கை வெச்சு என்ன முடிவு பண்ண முடியும்?

நாலு: பிறந்த மாசம். போன வருஷத்துலருந்து எவ்வளவு வளர்ந்திருக்கான்? ஒருத்தன் பன்னிரண்டில் வளருவான், இன்னொருத்தன் பதினாறில். அதனாலதான் இங்கிலாந்து அகாடமிகளில் சில போட்டிகளுக்கு வயசை விட்டுட்டு, உடல் வளர்ச்சியை வெச்சுப் பிரிச்சு ஆட விட்டுப் பார்க்கிறாங்க.

அஞ்சு, இதுதான் முக்கியம்: மூணு தடவை பாருங்க. என்ஜினீயரிங் மக்களே, y = mx + c ஞாபகம் இருக்கா? ஒரு நாள் டிரையல்ஸில் நமக்குத் தெரியுறது c மட்டும்தான். பையனோட எதிர்காலம் m-ல் இருக்கு. ஒரே ஒரு புள்ளியை வெச்சு ஸ்லோப் போட முடியுமா? எங்க மேத்ஸ் மேடம் கேட்டா மார்க்கர் பேனாவாலேயே அடிப்பாங்க!

கடலா, கிரவுண்டா?

'ஒரு கிளப் டிரையல்ஸுக்கு இவ்வளவு பில்டப்பா?'ன்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அந்தப் பையனுக்கு அது வெறும் டிரையல்ஸ் இல்லை. கிளப் அணியில் இருந்தாத்தான் மாவட்ட அணித் தேர்வில் யாராவது கண்ணில் படலாம். மாவட்ட, மாநில சர்டிபிகேட் இருந்தாத்தான் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் கேட்கலாம். காலேஜ் டீம், யுனிவர்சிட்டி டீம்னு போனா ரயில்வே, போலீஸ், நேவின்னு ஒரு வேலைக்கு வழி இருக்கு. இந்தக் கரையில் ஃபுட்பால்ங்கிறது பல வீட்டில் மாசச் சம்பளத்துக்கான ஒரே படிக்கட்டு.

படிக்கட்டு இல்லைன்னா கடல். கடல் கேவலம் இல்லை, அதுதான் இந்த ஊருக்குச் சோறு போடுது. ஆனா 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடிச்சப்ப, இந்த எட்டு ஊரிலருந்தும் போன படகுகள் எத்தனையோ திரும்பலை. ஏரோஸ் பசங்களும் சென்னை சிட்டியும் மோதின அதே வாரம். அந்தப் பையனோட அம்மாவுக்கு அண்ணன் ஒருத்தர் அந்தப் புயலில் போனவர். 'என் பிள்ளை மட்டும் கரையிலயே நிக்கணும்'னு அந்தம்மா வேண்டிக்கிறதை என் பெஞ்ச்மேட்தான் சொன்னான். சிவப்புக் கோடு போடுறப்ப எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா பாவம் பார்த்து மார்க் போட்டிருப்பேனா? கூடாது. அதுவும் தப்புதான், 24-வது பையனுக்கும் ஒரு வீடு இருக்கு. இரக்கம் காட்டி ஒரு இடம் கொடுத்தா அவனுக்குப் பெருமை இல்லை. ஆட்டத்தை மட்டும் ஒழுங்கா பார்த்திருந்தாலே போதும்.

தப்பு தெரிஞ்ச மறுநாளே மாஸ்டர் ஆள் அனுப்பினார். அவன் வரலை. 'வேண்டாம்னு சொன்ன இடத்துக்கு எதுக்குப் போகணும்'னு அப்பா சொல்லிட்டாராம். நியாயம்தானே? அணி ஆட்கள் பேரைக் கொடுத்தாச்சு, சீசனும் ஓடிப்போச்சு. எல்லாத்தையும் 'அன்-டு' பட்டன் தட்டித் திருப்ப முடியாது.

இந்த வருஷ டிரையல்ஸ் வருது. மாஸ்டர் புது ரூல் போட்டிருக்கார். ஒரு நாள் இல்லை, மூணு ஞாயிற்றுக்கிழமை. மூணாவது ஞாயிறு முடியுற வரைக்கும் யாருக்கும் 'இல்லை' சொல்லக் கூடாது. ஷீட்டில் உயரம் இருக்கும், ஆனா அதுக்கு மார்க் கிடையாது. பிறந்த மாசத்துக்குப் பக்கத்தில் சும்மா ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

போன வாரம் அவனைத் தேடிப் போனேன். ப்ளஸ் டூ பரீட்சை எழுதிட்டு, தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் லீவுக்குக் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தான். என்னைவிட ஒரு விரல்கடை உயரமா நிற்கிறான்! எனக்குத்தான் என்ன பேசுறதுன்னு தெரியலை. ஷீட் கதையை முழுசா சொன்னேன். 'தப்பு என்மேலதான்'னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "பத்தொன்பதாவதாண்ணா வந்தேன்?"ன்னு கேட்டான். ஆமான்னேன். சிரிச்சான். "ஒரு வருஷமா நான் முப்பத்தொண்ணுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்த ஒரு வரி இருக்கே... எந்த எக்ஸாமிலும் என்னை இப்படி யாரும் ஃபெயில் பண்ணினதில்லை.

வருவானான்னு கேட்டேன். வர்ற டிசம்பரில் பதினெட்டு. அப்பா படகில் இடம் பார்த்து வெச்சிருக்கார். 'மூணு ஞாயிறு போயிட்டு வா, அப்புறம் பார்ப்போம்'னு சொல்லியிருக்காராம். ஒரு வருஷம் சரியா பிராக்டிஸ் இல்லாதவன். இந்தத் தடவை நிஜமாவே தேர்வாகாமகூடப் போகலாம். ஆனா 'இல்லை'ன்னு சொன்னா, எதுக்குன்னு அவன்கிட்ட சொல்ல என்கிட்ட இந்தத் தடவை பதில் இருக்கும்.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணு. நாம எல்லாருமே ஏதோ ஒரு ஷீட்டில் முப்பத்தோராவது ஆள்தான். ப்ளஸ் டூ கட்-ஆஃப், முதல் செமஸ்டர் அரியர், கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் ரவுண்டு... யாரோ ஒருத்தர் ரெண்டு மணி நேரத்தில் போட்ட சிவப்புக் கோட்டை வருஷக்கணக்கா நெஞ்சில் சுமந்துக்கிட்டுத் திரியுறோம். அந்தக் கோட்டைப் போட்டவன் எந்தக் காலத்தை விட்டுட்டான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நாளைக்கு நீங்க சிம்போசியம் கமிட்டியில் உட்கார்ந்து ஜூனியர்களைத் தேர்வு பண்றப்ப, அதே கேள்வியை உங்க ஷீட்டைப் பார்த்தும் கேளுங்க.

முதல் ஞாயிறு காலையில் ஆறரை மணிக்கு டிரையல்ஸ். கிரவுண்டு வாசலில் நான் நிப்பேன். வந்தானா, வரலையான்னு சொல்றேன். அதுவரைக்கும்... ஆல் தி பெஸ்ட் சொல்லுங்க, எனக்கு இல்லை, அவனுக்கு!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்... பை!